பாடம் 11: சுவரில் இல்லாத படம்

படிக்கும் முன்
உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருள் எது? அது யாரிடமிருந்து வந்தது? பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் இரண்டு நிமிடம் தமிழில் சொல்லுங்கள்.

எங்கள் வீடு டெக்சாஸில், காப்பெல் நகரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை காலை என்றால் பழைய ஊர்ப் பகுதியில் நடக்கும் உழவர் சந்தைக்குப் போவோம். கரூரிலிருந்து வந்திருக்கும் எங்கள் அம்மாயிக்கு அந்தச் சந்தை மிகவும் பிடிக்கும். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்ப்பார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் சந்தைக்குப் போகவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். “மிகப் பழைய பொருள் ஒன்றை நேரில் பார்த்து வாருங்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்.” அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மிகப் பழைய பொருள் அப்பாவின் கார் என்று தம்பி சொன்னான். அப்பா சிரிக்கவில்லை.

“டல்லாஸ் கலை அருங்காட்சியகத்துக்குப் போலாம். அங்க உங்களுக்கு ஒரு படம் காட்டணும். 2010இல் நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல பார்த்தது. இன்னும் மறக்கல” என்றார் அப்பா.

“என்ன படம்?”

“வந்து பாரு.”

அம்மாவுக்கு அன்று வேலை. அப்பா, அம்மாயி, நான், தம்பி நான்கு பேரும் கிளம்பினோம். அம்மாயி ஒரு தூக்குப் பாத்திரத்தில் தயிர் சாதம் கட்டிக்கொண்டார். அரை மணி நேரப் பயணம். வாசலில் அம்மாயி பையைத் திறந்தார்.

“டிக்கெட் எவ்வளவுங்க மாப்பிள்ளை?”

“டிக்கெட் இல்லைங்க அத்தை. 2013 ஜனவரியிலிருந்து இங்க பொது அனுமதி இலவசம்.”

“பரவாயில்லையே!” என்று பையை மூடினார்.

அப்பா எங்களை நேராக மத்தியதரைக் கடல் பகுதிக்கு அழைத்துப் போனார். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று மூன்று கண்டங்களுக்கு நடுவில் இருக்கும் கடல் அது. தரைகளுக்கு மத்தியில் இருப்பதால் மத்தியதரைக் கடல். அதன் கரைகளில்தான் கிரேக்கர், ரோமானியர், எத்ருஸ்கர், எகிப்தியர் எல்லோரும் வாழ்ந்தார்கள்.

முதலில் ஒரு பளிங்கு இளைஞன் எங்களைப் பார்த்து நின்றான். கிரேக்க நாட்டில் ஒரு கல்லறைக்காகச் செதுக்கியது. கி.மு. 330ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. இறந்துபோன ஒருவரின் நினைவாக வைத்த கல்.

“நம்ம ஊர் நடுகல் மாதிரி” என்றார் அம்மாயி.

அப்புறம் ஜாடிகள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த உயரமான ஜாடியை ஆம்போரா என்று சொல்வார்கள். இங்கே இருந்தது படம் வரைந்த அழகான ஜாடி. படம் இல்லாத சாதா ஆம்போராவில் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய் எல்லாம் நிரப்பிக் கப்பலில் அனுப்புவார்கள். அடிப்பகுதி கூராக இருக்கும். அப்போதுதான் கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வசதி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் தோண்டியபோது இப்படிப்பட்ட ஆம்போராக்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்தக் கப்பல்கள் நம் கடற்கரைக்கும் வந்திருக்கின்றன!

அம்மாயி நகைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. கிரேக்கர், எத்ருஸ்கர், ரோமானியர் போட்ட தங்கத் தோடுகள், சங்கிலிகள், மோதிரங்கள். சில நகைகளில் கடுகை விடச் சின்னச் சின்ன தங்க உருண்டைகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எத்ருஸ்கர்கள் அந்த வேலையில் கெட்டிக்காரர்களாம்.

“பொடி வச்ச இடமே தெரியல பாரு. எங்க அம்மா பாம்படம் போட்டிருந்தா, கண்ணு. காது தோள் வரைக்கும் தொங்கும். அதையும் இப்படிக் கண்ணாடிக்குள்ள வச்சா ஆளுங்க நின்னு பார்ப்பாங்க” என்றார்.

“இப்ப அது எங்க இருக்கு, அம்மாயி?”

“அழிச்சு எனக்கு வளையல் பண்ணினாங்க. வளையலை அழிச்சு உங்கம்மாவுக்குச் சங்கிலி.”

அப்பா இன்னொன்று சொன்னார். ரோமானியப் பெண்களுக்குப் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் மேல் அவ்வளவு ஆசை. அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று பிளினி என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தாரே, அவர்தான். இந்தியா ஆண்டுதோறும் நம்மிடமிருந்து 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இழுத்துக்கொள்கிறது என்று அவர் புலம்பியிருக்கிறார். மிளகு, முத்து, மெல்லிய துணி, மணிக்கற்கள் வாங்கத்தான் அந்தப் பணம். பெரில் கிடைத்த இடங்களில் ஒன்று காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படியூர். அங்கிருந்து ரொம்ப தூரம் இல்லாத கொடுமணலில் கல்லை அறுத்து, துளை போட்டு, மணியாக்கியிருக்கிறார்கள். நொய்யல் ஆற்றங்கரையில் அந்தப் பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

“காங்கயமா? அது என்ற அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊராச்சே!” அம்மாயி குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவைதான் நிறைய. “ஆத்துல தண்ணி வத்துனா மணலைச் சலிக்கிறதுக்குன்னே ஆளுங்க வருவாங்கன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. அப்ப அது யாரோட காசுன்னு எங்களுக்கு என்ன தெரியும்?” என்றார் அம்மாயி. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் மலைக் குகையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைச் செய்து கொடுத்தவர் கருவூரைச் சேர்ந்த பொன் வணிகர். அவருடைய தொழிலும் ஊரும் பழைய தமிழ் எழுத்தில், தமிழியில், அங்கே பொறித்திருக்கின்றன. ரோமாபுரித் தங்கம் அவர் கைக்கும் வந்திருக்குமா? எனக்கு அதைத்தான் கேட்க வேண்டும் போல இருந்தது.

இதற்குள் அப்பா அந்த அறையை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டார்.

“காணோமே.”

“என்னப்பா காணோம்?”

“நான் சொன்ன படம். பெருசா, சுவர்ல மாட்டியிருந்தாங்க.”

அங்கே நின்ற பாதுகாவலரிடம் போய்க் கேட்டார். தலை நரைத்த அம்மா அவர். அப்பா கையால் அளவு காட்டினார். அவர் புரிந்துகொண்டு சிரித்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “ஓ, அதுவா? அது வீட்டுக்குப் போயிடுச்சு.”

அப்பா தன் பழைய புகைப்படங்களைக் கைப்பேசியில் தேடி எடுத்தார். ஒல்லியான அப்பா! தலை நிறைய முடி! தம்பியும் நானும் சிரித்துவிட்டோம். அப்பாவுக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம். அது வரைந்த படம் இல்லை. சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்துச் செய்தது. மொசைக் என்று சொல்வார்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து யாழ் போன்ற ஒரு கருவியை வாசிக்கிறார். சுற்றிலும் விலங்குகளும் பறவைகளும் சண்டை போடாமல் கேட்கின்றன.

“இவர் பேர் ஆர்ஃபியஸ். கிரேக்கக் கதையில வர்ற பாடகர். இவர் வாசிச்சா மரம்கூட மயங்கி நகர்ந்து வருமாம்” என்றார் அப்பா.

“நம்ம கண்ணன் குழல் ஊதினா மாடு மேயாம நிக்குமே, அது மாதிரி” என்றார் அம்மாயி.

நாங்கள் அங்கிருந்த நீள இருக்கையில் உட்கார்ந்தோம். அப்பா படித்துப் படித்துச் சொன்னார். அந்த மொசைக் துருக்கி நாட்டில் செய்தது. எடெஸா என்ற பழைய நகரம். இன்று அதற்கு ஷான்லிஊர்ஃபா என்று பெயர். ஒரு கல்லறைக் கட்டடத்தின் தரையாக அது இருந்தது. அதிலேயே சிரியாக் மொழியில் ஆண்டும் எழுதியிருக்கிறது. நம் கணக்குக்கு கி.பி. 194. டல்லாஸ் அருங்காட்சியகம் அதை 1999இல் நியூயார்க்கில் ஒரு ஏலத்தில் விலை கொடுத்து வாங்கியது. திருடவில்லை. ஆனால் அதை விற்க வந்தவர்கள் கைக்கு அது எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பிறகு அருங்காட்சியகமே கேட்டது. துருக்கி அதிகாரிகளிடம் பேசியது. மொசைக்கைப் பெயர்த்து எடுப்பதற்கு முன்னால் அது இருந்த இடத்திலேயே எடுத்த புகைப்படங்கள் துருக்கியில் இருந்தன. அதே படம், அதே கற்கள்! யாரோ திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்து நாட்டை விட்டுக் கடத்தியிருக்கிறார்கள் என்று புரிந்தது. 2012 டிசம்பரில் அருங்காட்சியகம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்போது அது ஷான்லிஊர்ஃபாவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

“அப்ப நாம பார்க்க முடியாதா?” தம்பிக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. “நாம இவ்வளவு தூரம் வந்தோமே!”

“எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்” என்றார் அப்பா. “அன்னிக்கு இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. மழை பெய்யுதுன்னு உள்ள வந்தேன். இதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் பார்க்கணும்னு இருந்தது.”

“கொடுக்காமலே இருந்திருக்கலாம்” என்றான் தம்பி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் சரி போலத் தெரிந்தது. அங்கே இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டாமா? ஆனால் அப்பா மாதிரி வேறு ஊரிலிருந்து வந்து தனியாக நிற்கும் ஒருவர் எதைப் பார்ப்பார்?

வெளியே வந்து தெருவைக் கடந்தால் கிளைட் வாரன் பூங்கா. அந்தப் பூங்காவுக்குக் கீழே நெடுஞ்சாலை ஓடுகிறது! சாலைக்கு மேலே கூரை போட்டு, மண் கொட்டி, மரம் நட்டிருக்கிறார்கள். அம்மாயி நம்பவில்லை. ஓரமாகப் போய் எட்டிப் பார்த்து, கார்கள் உள்ளே நுழைவதைக் கண்ட பிறகுதான் உட்கார்ந்தார். தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம்.

அப்பா கைப்பேசியில் ஒரு மண்பாண்டத் துண்டின் படத்தைக் காட்டினார். “இதைப் படி, பார்க்கலாம்.”

அதில் இருந்த எழுத்து எனக்குத் தெரியவில்லை. கோடும் வளைவுமாக இருந்தது. “இது தமிழி எழுத்து. இதுல ‘பானை ஒறி’ன்னு எழுதியிருக்கு. எகிப்துல, செங்கடல் கரையில, குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம். அங்க கிடைச்சது. சுமார் 2000 வருஷம் முந்தியது. பானை நம்ம நாட்டுல செஞ்சது. ஐராவதம் மகாதேவன் அதைப் படிச்சுச் சொன்னார்.”

“பானை தெரியும். ஒறின்னா என்னப்பா?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மாயி சிரித்தார். “உறி தெரியாதா கண்ணு உனக்கு? கயித்துல வலை மாதிரி பின்னி விட்டத்துல தொங்கவிடுவோம். அதுக்குள்ள பானையை வைப்போம். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாது. எங்க வீட்டுல தயிரு, வெண்ணெய் எல்லாம் உறியிலதான் இருக்கும்.” கையால் பின்னிக் காட்டினார். “கப்பல் ஆடும் இல்ல? தரையில வச்சா கொட்டிப்போகும். தொங்கவிட்டா கொட்டாது. கெட்டிக்காரன்தான்!”

அந்தப் பானையில் அதே சொற்களை எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு முறை எழுதியிருக்கிறதாம். எனக்கு ஒன்று தோன்றியது. 2000 ஆண்டுக்கு முன்னால் எகிப்து வரை போன ஒரு சொல், கரூரிலிருந்து காப்பெல் வரை எனக்கு வந்து சேரவில்லை. அன்றைக்குத்தான் வந்தது, மாவடு வாசனையோடு.

“திரும்பவும் உள்ள போலாமா? நம்ம ஊர்ப் பொருள் ஒண்ணு இருக்கு” என்றார் அப்பா.

ஆசியப் பகுதியில் ஒரு வளைவைத் திரும்பினோம். அங்கே நடராசர். செம்பு கலந்த வெண்கலம். ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் தீ, தூக்கிய இடது கால். வலது காலுக்குக் கீழே முயலகன். 11ஆம் நூற்றாண்டு, சோழர் காலம், தமிழ்நாடு என்று எழுதியிருந்தது.

அம்மாயி சட்டென்று நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் அந்தப் பாதுகாவலர்களைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாயி கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கு முதலில் வெண்டைக்காய்க் கூச்சம் வந்தது. பிறகு நானும் கை கூப்பினேன்.

கண்ணைத் திறந்து அம்மாயி ரொம்ப நேரம் பார்த்தார். “கோயில்ல பட்டும் மாலையும் போட்டிருக்கும். முகமும் கையும்தான் தெரியும். இவ்வளவு கிட்ட, முழுசா, இன்னிக்குத்தான் பார்க்கறேன் கண்ணு. இந்த இடுப்பு வளைவைப் பாரேன்!” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஒரு பூ இல்ல. விளக்கு இல்ல. இது எந்த ஊர்ச் சாமிங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

நான் எழுத்துப் பலகையில் ஊர்ப் பெயரைத் தேடினேன். கண்ணில் படவில்லை.

“இங்க இருக்கிறதெல்லாம் அந்த மொசைக் மாதிரி வந்ததுன்னு நினைச்சுக்கக் கூடாது” என்றார் அப்பா. “விலைக்கு வாங்கினது இருக்கும். நன்கொடையா வந்தது இருக்கும். ஆனா எப்படி வந்துச்சுன்னு கேட்கிறதுல தப்பே இல்ல.”

பிறகு அவர் ஸ்ரீபுரந்தான் கதையைச் சொன்னார். அது அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே இருந்த பழைய சிவன் கோயில் பூட்டியே கிடந்தது. 2006ஆம் ஆண்டு வாக்கில் திருடர்கள் உள்ளே புகுந்து நடராசரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் யாருக்கும் உடனே தெரியவில்லை. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை ஒரு வியாபாரியிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய காகிதங்கள் பொய். அது பொய் என்று எப்படித் தெரிந்தது? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஸ்ரீபுரந்தான் நடராசரும் இருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே சிலை! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அந்தச் சிலையை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

“அங்கயும் போட்டோவா?” என்றான் தம்பி. “துருக்கியிலயும் போட்டோதானே?”

“ஆமாம். படம் இல்லைன்னா ரெண்டுமே நம்மளோடதுன்னு சொல்லி நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.”

நான் அம்மாயியைக் கேட்டேன். “உங்க ஊர்க் கோயில்ல சாமி இருக்கு இல்ல? திருவிழாவுக்குத் தூக்கிட்டு வருவாங்கன்னு சொன்னீங்களே. அதுக்குப் படம் இருக்கா?”

“உற்சவரா? படமெல்லாம் எடுக்க விடமாட்டாங்க கண்ணு. சாமியைப் படம் எடுக்கக்கூடாதுன்னு ஒரு இது.”

“அப்ப அது காணாமப் போனா எதைக் காட்டுவீங்க?”

அம்மாயி பதில் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டார். காரில் ஏறியும் பேசவில்லை. வழக்கமாக நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு பெரிய லாரியையும் காட்டி ஏதாவது சொல்வார்.

இரவு ஒன்பதரை மணிக்கு, கரூரில் அப்போது ஞாயிறு காலை, அம்மாயி தன் தம்பிக்கு அழைத்தார். எங்கள் சின்ன அப்புச்சி. அவர்தான் கோயில் கமிட்டியில் இருக்கிறார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“பூசாரிகிட்டக் கேட்டு, உற்சவரைப் படம் எடுத்து வச்சுக்கோணும்.”

“அக்கா, அதெல்லாம் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“ஆகாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் எத்தனை ஊர்ல சாமி போச்சு. அபிசேகத்தப்போ, அலங்காரம் இல்லாத நேரத்துல எடு. முன்னால, பின்னால, ரெண்டு பக்கமும். பீடத்துல எழுத்து இருந்தா அதையும். உடைஞ்சது, நெளிஞ்சது இருந்தாக் கிட்டப்போய் எடு.”

“அளவும் வேணும்” என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“அளந்தும் வையி. பேத்தி சொல்றா.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “கேட்டுப் பார்க்கறேன்” என்றார் சின்ன அப்புச்சி.

வீட்டுப்பாடத்துக்கு நான் ஆர்ஃபியஸைப் பற்றி எழுதினேன். நேரில் பார்த்த பொருளைப் பற்றித்தானே எழுதச் சொன்னோம் என்று ஆசிரியர் கேட்டார். அது இருந்த இடத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மூன்று வாரம் கழித்து அம்மாயியின் கைப்பேசியில் ஏழு படங்கள் வந்தன. அம்மன். ஒன்றரை அடி கூட இருக்காது. ஆறாவது படத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரரின் அளவு நாடா. ஏழாவது படம் முதுகுப் பக்கம். இடது தோளில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது.

“இத்தனை வருசம் கும்பிடறேன். இது எனக்குத் தெரியாதே” என்றார் அம்மாயி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

அருஞ்சொற்பொருள்
அம்மாயி – அம்மாவின் அம்மா (கொங்குப் பகுதியில் வழங்கும் சொல்)
அப்புச்சி – அம்மாவின் அப்பா. அவர் வயதுடைய உறவினரையும் இப்படி அழைப்பர்
நடுகல் – இறந்த வீரரின் நினைவாக நட்ட கல்
பாம்படம் – வயதான பெண்கள் காதில் அணிந்த கனமான தங்க நகை
தமிழி – தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்
உறி – பானையைத் தொங்கவிடக் கயிற்றால் பின்னிய வலை
உற்சவர் – திருவிழாவில் ஊர்வலமாக எடுத்து வரும் கோயில் சிலை
முயலகன் – நடராசரின் காலடியில் இருக்கும் குள்ள உருவம்
பீடம் – சிலை நிற்கும் அடிப்பகுதி

படித்துப் பார்த்து விடை எழுதுக
1. பாதுகாவலர் “அது வீட்டுக்குப் போயிடுச்சு” என்று ஏன் சொன்னார்?
2. மொசைக்கும் ஸ்ரீபுரந்தான் நடராசரும் தங்கள் நாட்டுக்குத் திரும்பப் புகைப்படங்கள் எப்படி உதவின?
3. கோயிலில் பார்க்காத எதை அம்மாயி அருங்காட்சியகத்தில் பார்த்தார்?
4. “கெட்டிக்காரன்தான்!” என்று அம்மாயி யாரைச் சொன்னார்? ஏன்?

பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழில் மாற்றுக
“இன்னிக்குத்தான் பார்க்கறேன்.” “அங்க உங்களுக்கு ஒரு படம் காட்டணும்.” “எங்க வீட்டுல தயிரு உறியிலதான் இருக்கும்.”

வகுப்பில் பேசுக
“கொடுக்காமலே இருந்திருக்கலாம்” என்று தம்பி சொன்னான். வகுப்பு இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு தம்பியின் பக்கமும் மற்றக் குழு ஷான்லிஊர்ஃபா நகரத்துப் பிள்ளைகளின் பக்கமும் பேசுங்கள். பிறகு குழுக்கள் பக்கம் மாறிப் பேசுங்கள்.

வீட்டில் செய்க
தாத்தா, பாட்டி, அல்லது தெரிந்த பெரியவர் ஒருவரிடம் இருக்கும் பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்னால், பின்னால், அடியில் என்று படம் எடுங்கள். நீளம், உயரம் அளந்து எழுதுங்கள். அதில் இருக்கும் கீறல், நெளிவு, எழுத்து எதையும் விடாதீர்கள். அது அவரிடம் எப்படி வந்தது என்று அவர் சொல்வதை அவர் பேசுகிறபடியே எழுதுங்கள்.